அரைப் பேர்

நோட்டன் பிரிட்ஜ்
2024 ஓகஸ்ட் 11

அன்புத் தங்கச்சி புஷ்பத்துக்கு,

அக்கா எழுதுவது. மழையையும் இருமலையும் கழித்துப் பார்த்தால் இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. மழைக்கு வலி, வெயிலுக்கும் வலி, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் பெரிய வலி. அந்த வேக்காட்டு ஊரில் நீ எப்படி இருக்கிறாய்? தலைச்சுற்று என்று எழுதியிருந்தாயே, தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாயா? மடத்தில் தண்ணீருக்குமா தவம்?

ஊர் உலகமெல்லாம் ஃபோனும் கையுமாகத் திரிகிறது. நீயும் நானும் மட்டும் இன்னும் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். தபால் கந்தோர் விஜிதரன், "என்னா டீச்சர், ஒங்க தங்கச்சிக்கு ஒரு ஃபோன் வாங்கிக் குடுக்கக்கூடாதா?" என்று கேட்கிறான். உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம், கடிதத்தைக்கூடத் தலைவி மதர் படித்துவிட்டுத்தான் தங்கச்சி கையில் கொடுப்பார் என்று சொன்னேன். அவன் நம்பவே இல்லை. (மதர், வணக்கம். நீங்களும் சுகம்தானே?)

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற பெப்ரவரித் திருநாளோடு நம் புனித அகத்தம்மாள் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதாகிறது. புது அதிபர் சிஸ்டர் எமில்டா நீர்கொழும்புக்காரர். ஓடியாடி வேலை செய்கிறார். பள்ளியின் வரலாற்றையும் பணியையும் சொல்லும் ஒரு புத்தகம் போட வேண்டும் என்கிறார். யார் எழுதுவது என்று முடிவு செய்ய அடுத்த வாரம் கூட்டம். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது? இந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, இங்கேயே முப்பது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறவள் வேறு யார்? முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது. உனக்குச் சொல்ல மாட்டேன், அச்சில் பார்த்துக்கொள்.

மண்டபத்தில் உன் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கீழே "எம் பள்ளியின் கனி" என்று பொன் எழுத்து. தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். கனியை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஜீவராணி


மடம்
2024 செப்டெம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். தலைச்சுற்று நின்றுவிட்டது. அத்தானின் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டேன். கடைக்குப் போகிற வலிக்குத் தனியாக வேண்டவில்லை.

உங்கள் வணக்கத்தைப் படித்து மதர் சிரித்துவிட்டார். தானும் சுகம் என்று எழுதச் சொன்னார்.

புத்தகத்தை நீங்கள் எழுதுவது எனக்கும் சந்தோஷம். பிள்ளைகள் காலைக் கூட்டத்தை இன்னும் "பெரட்டு" என்றுதான் சொல்கிறார்களா? முதலாம் வகுப்பு அறையில் மழைக்கு ஒழுகும் மூலையைச் சரிசெய்தார்களா? இப்போது அந்த வகுப்பு யாரிடம்? நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.

என் படத்தைக் கழற்றச் சொல்ல எனக்கு வழியில்லை. கோபம் ஒன்றும் இல்லை.

செபத்தில் உங்களை நினைக்கும்,
தங்கை


நோட்டன் பிரிட்ஜ்
2024 செப்டெம்பர் 15

புஷ்பம்,

நீ சுகம் என்று படித்தேன், அது ஒன்றுதான் இந்த மாதத்தில் நல்ல செய்தி. எனக்கு உடம்பு சுகம், மனது சுகமில்லை.

புத்தகத்தை என்னிடம் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? கேஷிகாவிடம்! போன வருடம் வந்த பிள்ளை. ஹட்டன் பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் வடிவேல் முதலாளியின் மகள். பட்டதாரி, ஆங்கிலம் தெரியும், கம்ப்யூட்டரில் மழை பெய்கிற மாதிரி அடிப்பாள். நம் பள்ளியில் ஒரு நாளாவது படித்தவளா? தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கும் லயத்து வாசல்படியை மிதித்தவளா? கூட்டத்தில் அவள் பேரைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

அதற்குப் பிறகுதான் சிஸ்டர் எமில்டா என் பக்கம் திரும்பினார். "ஜீவராணி டீச்சர் சாப்பாட்டு கமிட்டிய பாருங்க. ஒங்க சமையல் எல்லாருக்கும் விருப்பம்தானே?" என்றார். முப்பது வருடம் படிப்பித்ததற்குக் கையில் அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். "நல்லதுதானே, சாப்பாடு நல்லா இருக்கும்" என்கிறார் அந்த மனிதர். அன்றைக்கு அவருக்கு ரொட்டியும் சம்பலும்தான்.

நேற்று அவளே ஓய்வறைக்கு வந்தாள். ஃபோனை என் முன்னால் வைத்து, "டீச்சர், ஒங்களுக்குத்தான் பழைய கதையெல்லாம் தெரியும்னு சொன்னாங்க. சொல்லுங்க, ரெக்கோர்ட் பண்ணிக்கிறேன்" என்றாள். நான் சொல்ல, அவள் எழுத, கீழே அவள் பேரா? தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உடனே ஓடிப்போய் இஞ்சித் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

நீ கேட்டதற்குப் பதில். பெரட்டு இன்னும் பெரட்டுத்தான். மூலை இன்னும் ஒழுகுகிறது. முதலாம் வகுப்பு யாரிடம் என்று கேட்டாயே, அதுவும் கேஷிகாவிடம்தான். பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அலைகின்றன.

மதருக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தைப் படித்து அவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

அக்கா


மடம்
2024 ஒக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் உங்கள் மனதுக்கு ஆறுதல் தரட்டும். அத்தானுக்கு மறுபடி சோறு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே திருப்பலிக்கு அப்பம் சுடுகிற வேலை எனக்கு. மாவு கரைப்பதும் சுடுவதும் வட்டமாக வெட்டுவதுமாகப் பொழுது போகிறது. வேறு விசேஷமில்லை.

கேஷிகாவுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள் அக்கா. யார் எழுதினாலும் பள்ளிக்கூடத்தின் கதைதானே.

பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொள்கிறார்களா? வகுப்பு முடிந்த பிறகுமா?

தங்கை


நோட்டன் பிரிட்ஜ்
2024 நவம்பர் 10

என் அன்புப் புஷ்பத்துக்கு,

இருமல் போய்விட்டது, பசி எடுக்கிறது, தூக்கமும் வருகிறது. ஏன் என்று கேள்.

கேஷிகா எழுதி முடித்துவிட்டாள். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி சிஸ்டர் எமில்டா பிரதியை என்னிடம் அனுப்பினார். சமையற்காரிக்குத் தமிழும் தெரியும் என்று யாரோ ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். பொல்லாத எரிச்சலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், அதை மறைக்க மாட்டேன். பிரான்சிலிருந்து மதர் ஒடில் வந்தது, தகரக் கொட்டகையில் பள்ளி தொடங்கியது, பிறகு அரசாங்கம் பொறுப்பேற்றது எல்லாம் ஒழுங்காக வருகிறது. நடுவில் ஒரு அத்தியாயம். தலைப்பு, "பாதிப் பெயர் தந்த தாய்மார்".

நீ கேட்டதும் சிரிப்பாய். உங்கள் மதர் மலைநாட்டுக்காரர் இல்லையே, அவருக்காக விவரமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. முழு நாள் கொழுந்து எடுத்தவளுக்குக் கணக்கப்பிள்ளை முழுப் பேர் போடுவார். பாதி நாளில் மலையைவிட்டு இறங்கினால் அரைப் பேர். மதர் ஒடில் கல் கட்டடம் கட்டத் தொடங்கியபோது, பெண்கள் மத்தியானத்தோடு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆற்றிலிருந்து கல் சுமந்தார்கள். பள்ளிக்கூடம் எழும்பி முடியும்வரை அவர்களுக்கு அரைப் பேர்தான். "எங்க ஆளுங்க அரைப் பேர் குடுத்து கட்டுன பள்ளிக்கூடம்" என்று லயத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பேச்சை அரைகுறையாகக் கேட்ட யாரோ ஒரு வெள்ளைக்காரர், தாய்மார் தங்கள் பெயரில் பாதியைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள் என்று பழைய ஆங்கில மலரில் எழுதிவைத்துவிட்டார். பஜாரில் பிறந்தவளுக்கு அரைப் பேர் என்றால் என்ன தெரியும்? அதை அப்படியே எடுத்து, அம்மாக்கண்ணு என்ற ஒரு தாய் தன் பேரில் பாதியை விட்டுவிட்டு மரியம்மாள் ஆனாள், இதுவே எம் பள்ளியின் பணி என்று பத்துப் பக்கத்துக்கு உருகியிருக்கிறாள்!

சந்திப்பிழை, ணகர னகரம் எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தினேன். அந்த அத்தியாயத்திலும் ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். மற்றபடி வாயைத் திறக்கவில்லை. அப்படியே அச்சாகட்டும். தோட்டத்தில் பெரும்பாலும் இந்துச் சனங்கள். எங்கள் வீட்டுப் பொம்பளைகள் எப்போது பேரை விட்டுக் கொடுத்தார்கள் என்று திருநாளன்று எழும்பிக் கேட்பார்கள் இல்லையா? அப்போது பார்க்கலாம், யாருக்குக் கை தட்டுகிறார்கள் என்று.

நீ சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நான் அப்படித்தான் இருக்கிறேன்.

அக்கா ஜீவராணி


மடம்
2024 நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குப் பசியும் தூக்கமும் வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த முறை சொல்ல வரவில்லை.

அதைத் திருத்திக் கொடுங்கள். கல் சுமந்தவர்களுக்குப் புத்தகத்திலும் அரைப் பேர்தானா? அது அச்சானால் தோட்டத்துச் சனங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். நூறு வருடமாக நம்பி அனுப்பியவர்கள்.

உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அடுத்த வாரம் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் கிடையாது, எழுதவும் முடியாது. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

தங்கை


நோட்டன் பிரிட்ஜ்
2024 டிசம்பர் 8

புஷ்பத்துக்கு,

இந்தக் கடிதம் கிறிஸ்மஸ் வரை மதரின் பெட்டியில் கிடக்கும் என்று தெரியும். கிடக்கட்டும். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அத்தான் சுகம். நான் சுகமா என்று கேட்காதே.

பொறாமை என்ற சொல்லை நீ எழுதவில்லை. எழுதாமல் விட்ட இடத்தில் அதுதான் இருக்கிறது. ஆமாம், பொறாமைதான். அவள் வயதைப் பார்த்துப் பொறாமை, அவள் ஆங்கிலத்தைப் பார்த்துப் பொறாமை, அதிபர் அவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்துப் பொறாமை. அவள் மேல் மட்டுமா? உன் மேலும்தான். மடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கன்னியர் கேட்டபோது நாம் இரண்டு பேரும்தான் கை தூக்கினோம். "மூத்தது வீட்டுக்கு வேணும் சிஸ்டர்" என்றார் அப்பா. அதோடு என் கை இறங்கிவிட்டது. உன் கை இன்னும் மண்டபத்துச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. உனக்குக் கடவுள் கிடைத்தார். கேஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கப்போகிறது. எனக்கு என்ன, சோற்றுப் பானையா?

சனங்களைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்கும் உறுத்துகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை அதிபர் அறை வாசல்வரை போனேன். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது, திரும்பி வந்துவிட்டேன். பிரதி ஹட்டன் அச்சகத்துக்குப் போய்விட்டது. இனி என் கையில் ஒன்றும் இல்லை.

புனிதவதியாக இருப்பது உனக்குச் சுலபம். கதவை அடைத்துக்கொண்டால் யார் மேல் பொறாமைப்பட முடியும்?

பாலன் பிறப்பு உனக்காவது சந்தோஷமாக இருக்கட்டும்.

அக்கா


மடம்
2024 டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

பாலன் இயேசு உங்களுக்கும் அத்தானுக்கும் நிறைந்த சுகத்தைக் கொண்டுவரட்டும். இங்கே குடில் வைத்தோம். வைக்கோல் கிடைக்காமல் தென்னோலை வேய்ந்தோம். பாயாசம் வைத்தார்கள், ஏலக்காய் கொஞ்சம் கூடிவிட்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது.

திருநாளுக்கு என்ன சேலை உடுத்தப்போகிறீர்கள்? நல்லதாக ஒன்று உடுத்துங்கள்.

தங்கை


நோட்டன் பிரிட்ஜ்
2025 பெப்ரவரி 9

அடியே புஷ்பம்,

சுகமா என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் பாயாசத்தில் ஏலக்காய் கூடியதை எழுதுகிறவளுக்கு என்ன குறை?

சேலை என்று நீ கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குழம்புச் சட்டிக்கு முன்னால் நிற்கப்போகிறவளுக்கு நல்ல சேலை எதற்கு என்று பழையதைச் சுற்றிக்கொண்டு போனேன். மண்டபம் நிறையச் சனம். லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நான் சமையற்கட்டு வாசலில் நின்று, அந்த அத்தியாயம் எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். முன்வரிசையில் கொழுந்து எடுக்கிற லெட்சுமி, புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தேன்.

கேஷிகா எழுந்து அந்த அத்தியாயத்தை வாசித்தாள். தலைப்பு "அரைப் பேர்". ஆற்றுக்கல், கூடை, கணக்கப்பிள்ளை எல்லாம் சரியாக இருந்தது! லெட்சுமி எழுந்து, யாரையும் கேட்காமல் மண்டபத்துச் சுவருக்குப் போய்க் கல்லின் மேல் கையை வைத்தாள். "இது எங்க ஆளுங்க தூக்குன கல்லுங்க" என்றாள். பிறகு ஒவ்வொருவராக எழும்பி வந்து தொட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது, கோபமும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

அப்புறம்தான் சிஸ்டர் எமில்டா மைக்கைப் பிடித்தார். மடத்திலிருந்து நீ கடிதம் எழுதினாயாம். இந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் ஜீவராணி டீச்சர்தானாம், இளைய ஆசிரியை மனம் நோகக்கூடாது என்று நேரில் சொல்லத் தயங்கினாராம். கடைசியாக என்ன எழுதினாய்? "என் அக்கா கூச்ச சுபாவம் உள்ளவர்." அதை அவர் வாசித்ததும் ஆசிரியர்கள் பக்கம் யாருக்கோ புரையேறியது. உன் அத்தான்தான் முதலில் சிரித்தார்.

மஞ்சள் கறைச் சேலையோடு என்னை மேடைக்கு இழுத்தார்கள். பொன்னாடை போட்டார்கள். கேஷிகா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "டீச்சர், நீங்க என்னக் காப்பாத்திட்டீங்க. வேற யாருன்னாலும் அச்சாகட்டும்னு விட்டுருப்பாங்க" என்றாள். "பரவால்ல புள்ள" என்றேன். சனம் கை தட்டியது. வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிய ஆரம்பித்தது. நான் செய்யாத நல்லதை என் தலையில் கட்ட நீ யார்? ஆசையாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அதையும் பிடுங்கிக்கொண்டாய். கன்னியாஸ்திரி பொய் எழுதலாமா? கடிதத்தைப் படித்த மதர் எப்படி விட்டார்? மதர், இதற்கு நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நீயும் பதில் எழுது. வேண்டிக்கொண்டேன், சமாதானம் என்றெல்லாம் எழுதாதே.

அக்கா


மடம்
2025 மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, பிறகு ஈஸ்டர் பாஸ்காவரை கடிதம் கிடையாது. அதற்கு முன்னால் எழுதச் சொல்லி மதரே தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பொய் என்று எழுதியிருந்தீர்கள். பிழையைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தானே? கூச்ச சுபாவமும் மனம் நோகாமல் தயங்கியதும் மட்டும்தான் பொய். அவற்றுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன்.

ஆனால் முதலில் நான் எழுதிய கடிதம் வேறு. நவம்பரில் உங்களுக்கு எழுதிய கையோடு சிஸ்டர் எமில்டாவுக்கும் எழுதினேன். நான் இந்தப் பள்ளியின் பழைய மாணவி, புத்தகத்தில் ஒரு பிழை வந்திருப்பதாக அறிகிறேன், அதன் உண்மை இது என்று எல்லாவற்றையும் என் பேரிலேயே எழுதினேன். உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதர் படித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "இத யாரு கண்டுபிடிச்சது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். உங்கள் பேரை எழுதும்போது எனக்கு அவ்வளவு கோபம் அக்கா.

கதவை அடைத்துக்கொண்டால் யார் மேல் பொறாமைப்பட முடியும் என்று கேட்டீர்கள். உங்கள் மேல்தான். மடத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு வருடம் அந்த முதலாம் வகுப்பில் சம்பளமில்லாமல் படிப்பித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் என் சேலையையும் பிடித்துக்கொண்டுதான் திரிந்தன. இப்போது அதே அறையில் கேஷிகா நிற்கிறாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்து, முகம் தெரியாத அவளை நான் வெறுத்தேன். அன்றைக்கு அப்பம் எல்லாம் கருகிவிட்டது. உங்களிடம் சொல்லிக் கொடுங்கள், விட்டுக் கொடுங்கள் என்று எழுதிய கையும் இதே கைதான்.

என் படத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் உங்களுக்கு வயிறு எரிகிறது. படத்திடம் எந்தப் பிள்ளையும் கணக்குக் கேட்பதில்லை அக்கா, மூக்கைச் சிந்திவிடச் சொல்வதில்லை. உங்களுக்குச் சண்டை போட அதிபர் இருக்கிறார், முறைக்க கேஷிகா இருக்கிறாள், ரொட்டியும் சம்பலும் கொடுத்துத் தண்டிக்க அத்தான் இருக்கிறார். நீங்கள் கோபமாக எழுதிய கடிதங்களை நான் பசியோடு படித்தேன். மேடையில் உங்களைக் கட்டிப்பிடித்தார்கள் என்று படித்தபோது எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

நான் இங்கே வந்தது தவறு என்று சொல்லவில்லை. வந்தது சரிதான். இன்னொரு தடவை கேட்டாலும் கை தூக்குவேன். சரியான இடத்தில் இருந்துகொண்டும் பொறாமை வருகிறது, அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்காவுக்குப் பிறகு சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாம். கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பேச வேண்டும். வருவீர்களா? கேஷிகாவும் எனக்கு எழுதியிருந்தாள், நேரில் நன்றி சொல்ல வர வேண்டுமாம்.

உங்கள் தங்கை


நோட்டன் பிரிட்ஜ்
2025 ஏப்ரல் 21

என் தங்கமே புஷ்பம்,

பாஸ்கா வாழ்த்து. உன் அத்தான் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். நான் தவக்காலம் முழுக்க உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத முடியாமல் வாய் நமநமத்தது.

உனக்குமா பொறாமை வரும்? முதலில் படித்தபோது அழுதேன். பிறகு சிரித்தேன். உன் அத்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை வருடமாக நான் கோயில் பீடத்தில் நிற்கிற ஒரு சுரூபத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். சுரூபத்தோடு எப்படிச் சண்டை போடுவது? என் பேரைத் திருடப் பார்த்தாய் என்று படித்ததும்தான், அட, இவள் என் தங்கச்சி அல்லவா என்று இருந்தது. மதரிடம் என் கோபம் தீர்ந்துவிட்டதாகச் சொல். மதர், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கேஷிகாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "கண்டுபுடிச்சது நாந்தான். ஆனா அச்சாகட்டும்னுதான் விட்டேன் புள்ள" என்றேன். அவள் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே, "தெரியும் டீச்சர். கூச்ச சுபாவம்னு சிஸ்டர் எழுதியிருந்தாங்களே, அப்பவே தெரிஞ்சிருச்சு" என்றாள். அப்படியானால் மேடையில் அழுதது? "அது அந்த அத்தியாயம் அப்பிடியே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சி அழுதது." சரியான கள்ளி. இப்போது தினமும் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முதலாம் வகுப்பு மூலைக்குத் தகரம் போட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து அதிபரையும் படுத்துகிறோம்.

வருகிற மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். ஹட்டனிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும் என்கிறார்கள், மாறுகிறேன். உனக்கு எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது என்பது முதல் எல்லாம் சொல்ல வேண்டும். நீயும் பேச வேண்டும், கோபமாகவே பேசு.

என்றைக்குப் போகிறோம் டீச்சர் என்று கேஷிகா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் முடிவாகவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, முதலாம் வகுப்பும் இருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொல்லி வை, போதும். உன்னை நான் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.

அக்கா ஜீவராணி